சமாளிக்காதீங்கோ அன்ரி

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் உருகி அவளைக் கையெடுத்துக் கும்பிடுவேன் என்று யாரும் காத்திருந்து ஏமாற வேண்டாம். பாரிஸில், லா சப்பலில் சேலைக்கடையில் இத்தனை வருடம் நின்றவளுக்கு முகம் சுளிக்கிற மனிதர்கள் புதிதல்ல. விரித்துக் காட்டிய சேலையை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காவது அவசரம் என்று ஒரு சாட்டு இருக்கும். இவளுக்கு அவசரமும் இல்லை. ஆறுதலாக நின்று, குரலை உயர்த்தாமல், ஆளின் மானத்தை வாங்குவாள்.

எங்களுக்குச் சாயவேலை படிப்பித்தவள் அவள். யப்பானியரின் முறை. தடித்த பழுப்புத் தாளில் கத்தியால் பூ வெட்டி, அந்தத் தாளைத் துணிமேல் வைத்து, அரிசிப் பசையை அதன் மேலே இழுத்துத் தடவ வேண்டும். தாளை எடுத்தால் துணியில் பசைப்பூ இருக்கும். அது காய்ந்த பிறகு சாயம் பூசவேண்டும். பசை இருந்த இடத்தில் சாயம் பிடிக்காது. கழுவினால் பசை போய் வெள்ளைப்பூ நிற்கும். சொல்ல இவ்வளவுதான். செய்யப் போனால் சீவன் போகும்.

லா சப்பலில் இருந்து ஸ்டாலின்கிராட் நிலையப் பக்கமாக, மேலே பாலத்தில் மெற்றோ ரயில் ஓட அதன் கீழே நடந்தால், ஒரு முற்றத்துக்குள் அந்த அறை இருந்தது. முன்பு அச்சுக்கூடமாம். அந்தப் பகுதிச் சங்கம் ஒன்று அதை அவளுக்குக் கொடுத்து, திங்கட்கிழமைகளில் அயலில் உள்ள பெண்களுக்குப் படிப்பிக்கச் சொல்லியிருந்தது. தாய் தகப்பன் யாழ்ப்பாணம். இவள் பிறந்தது இங்கே. ஓவியப் பள்ளியில் துணிவேலை படித்து, யப்பானில் ஒரு சாயக்காரர் வீட்டில் சில வருடம் இருந்து வேலை பழகி வந்தவள். என் மகளுக்குக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். ஒட்ட வெட்டிய தலைமயிர், நீலம் ஊறிய நகங்கள், கையில் ஒரு காப்புக்கூட இல்லை. ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல்.

நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதில் எனக்குக் குறையில்லை. என் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. ஆனால் அவளிடம் தமிழில் ஒரே ஒரு வசனம் இருந்தது. அதை மட்டும், எங்களுக்கு விளங்காமல் போய்விடுமோ என்பதுபோல், நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வாள்.

“சமாளிக்காதீங்கோ அன்ரி.”

யாரிடம் வந்து என்ன சொல்கிறாள் பாருங்கள். நாங்கள் இந்த நாட்டில் சமாளித்துத்தான் வாழ்ந்தோம். பாசை தெரியாமல் சமாளித்தோம். ஒரே குளிர்ச்சட்டையை வேலை நேரத்தை மாற்றி மாற்றி நானும் என் மனிசனும் போட்டோம். யன்னல் சீலையை வெட்டி மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தேன், கோயிலில் புதுநன்மைச் சடங்குக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையை வாங்கி மடித்துத் தைத்தேன். என்னைச் சமாளிக்காதே என்றால் பிறகு நான் எதைத்தான் செய்வது?

அங்கே நான் ஏன் போனேன் என்றும் சொல்ல வேண்டும். மகளுக்குக் கலியாணம் சரி வந்திருந்தது. மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், எங்களைப் போலவே வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நகரசபையில் கலியாண எழுத்து முடிக்கிற அன்று அவள் வெள்ளைச் சட்டைதான் போடப் போகிறாள் என்று முடிவாகிவிட்டது. அதற்கு மேலே தோளில் போட ஒரு பட்டுச் சால்வை, நான் என் கையால் செய்து தருகிறேன் என்றேன். அவள் உடனே ஓம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, ஆனால் ப்ரிகோலாஜ் வேண்டாம் அம்மா என்றாள். ஒட்டுப்போட்டு ஒப்பேற்றுகிற வேலைக்கு இங்கே சொல்கிற சொல் அது. யன்னல் சீலைச் சட்டையை அவள் மறக்கவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சால்வையை அவள் தோளில் போடுவாளா, போடமாட்டாளா என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் கவலை.

என்னோடு கூசேன்வில் என்கிற புறநகரில் இருந்து ஓர் அக்கா வந்தா. அவவின் மனிசனுக்கு விமான நிலையத்தில் வேலை. தங்கமான மனுசி. எதைக் காட்டினாலும் ஐயோ என்ன வடிவு என்பா. உப்பில்லாத கறியையும் வடிவு என்பா. அவவுக்கும் எங்கள் சாயக்காரிக்கும் நடுவில் இருந்துதான் நான் தாள் வெட்டினேன்.

நான் எடுத்த மாதிரி வெண்டிக்காய். குறுக்கே வெட்டினால் வெண்டிக்காய் ஒரு பூ. உள்ளே ஐந்து அறை, அறைக்குள் விதைகள். பக்கத்து மரக்கறிக்கடை வாசல் பெட்டியில் நாள் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் கிடக்கிற சாமான். ஆனால் தாளில் வெட்டும்போது விதை ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். அதைச் சுற்றி முழுக்க வெட்டினால் விதை கீழே விழுந்துவிடும். மெல்லிய கீற்று ஒன்றை விட்டு, பக்கத்தோடு பிடித்து வைக்கவேண்டும். அதற்குப் பாலம் என்று பெயர். நான் வெட்ட வெட்டப் பாலம் அறுந்தது. அறுந்த இடத்தில் கண்ணாடி ரேப்பை, ஒட்டுநாடாவை, ஒட்டினேன். வடிவாகத்தான் ஒட்டினேன். அவள் வந்து தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பசை ஈரம் பட்டால் ரேப் கழன்றுவிடும், பூ நகரும் என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் வசனத்தைச் சொல்லிவிட்டு, தாளை இரண்டாகக் கிழித்து, புதுத்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள். பின்னேரம் முழுக்க இருந்து வெட்டிய தாள் அது. கூசேன்வில் அக்கா என் தொடையைத் தட்டி, விடும், அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லைப் போல என்றா.

அவளுக்கு நல்ல சுகம்.

கழுவுகிறது இன்னொரு கூத்து. பெரிய தொட்டியில் குளிர்ந்த தண்ணீர். துணியை அதில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பசை ஊறி, தானாக இளகி, தானாகக் கழன்று மிதக்கும். தொடக்கூடாது. எங்கள் சனத்தைக் கூப்பிட்டுத் தண்ணீருக்குள் அழுக்குத் துணியைப் போட்டு, கசக்காதே என்று சொல்லிப் பாருங்கள். கூசேன்வில் அக்காவின் கை தன்பாட்டில் உள்ளே போய்விட்டது. இரண்டு தேய்ப்புத்தான். பூவின் ஓரமெல்லாம் மங்கிப் போனது. இவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, பூனையைத் தூக்குவதுபோல் கையைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து வைத்தாள். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் வயதுக்காவது ஒரு மரியாதை கொடுத்திருக்கலாம்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. பிழையாய்ப்போன துணி முழுசாக வெளியே போகாது. ஓரத்தில் ஒரு வெட்டுப் போடுவாள். வெட்டு விழுந்ததை உடுக்கவும் முடியாது, பரிசாகக் கொடுக்கவும் முடியாது. சாயம் பரிசோதிக்கிற கந்தல் அது, அவ்வளவுதான். இந்தச் சட்டத்தை யப்பானில் படித்தாளா, தானே போட்டாளா தெரியாது. தனக்கும் அதே சட்டம்தான் என்பதையும் சொல்லவேண்டும். ஒருமுறை தன் கண்காட்சிக்கென்று வாசல்திரை ஒன்று செய்தாள். மாதக்கணக்கான வேலை. மழைக்கோடுபோல் இழையிழையாக வெட்டிய மாதிரி. கழுவித் தூக்கியபோது நான் என் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தேன். பிடிக்காதவள் செய்ததென்றாலும் வடிவு வடிவுதானே. அவள் கீழ்மூலையில் ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தாள். சாயம் மிளகளவு உள்ளே இறங்கியிருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்தாள், ஓரத்தில் வெட்டினாள், கந்தல் பெட்டியில் போட்டாள். போய்த் தேத்தண்ணி குடித்தாள். எனக்கு அன்று பயம் வந்தது.

என் சால்வைக்கு வருகிறேன். ஒரு வழியாகத் தாள் வெட்டி முடித்தேன். பட்டுத்துணியை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அடியில் மூங்கில் குச்சிகளைக் குத்தி விறைக்க வைத்தோம். பசை கிண்டுகிற வேலை என்னுடையது. ஒட்டரிசி மாவும் தவிடும் குழைத்து, ஆவியில் அவித்து, சூட்டோடு அடித்து, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று தண்ணீர் கூடிவிட்டது. பசை அகப்பையில் நிற்காமல் ஓடியது. அவள் முற்றத்தில் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றாள். என் பையில், வீட்டுக்கென்று கடையில் எடுத்த வறுத்த அரிசிமாப் பை இருந்தது. புட்டு மா. மா இளகினால் மாத் தூவி இறுக்குவது எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பிடி தூவினேன். பசை சொன்னபடி கேட்டது. தாளை வைத்துத் தடவி எடுத்ததும் வெண்டிக்காய்ப் பூக்கள் பட்டில் நிமிர்ந்து நின்றன. எனக்கு என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

காய்ந்தது. சோயாப்பாலில் கரைத்த நீலத்தைத் தூரிகையால் பூசினோம். அதன் பிறகு சாயம் துணியில் ஊற வாரக்கணக்கில் விடவேண்டும். விட்டேன். ஒரு திங்கட்கிழமை தொட்டியில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பசை கழன்றது. நீலத்துக்குள் வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாக வந்தன. எனக்குக் கண் கலங்கியது. கூசேன்வில் அக்கா வழக்கம்போல் ஐயோ என்ன வடிவு என்றா. அன்று அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

அவள் சால்வையைத் தூக்கினாள். ஒரு தலைப்பில் நாலைந்து பூக்களின் ஓரத்தில் நீலம் கசிந்து உள்ளே போயிருந்தது. வறுத்த மா ஒட்டாது. காய்ந்ததும் அங்கங்கே பொருக்கு வெடித்து, அந்த வெடிப்புக்குள் சாயம் இறங்கிவிட்டது. அவள் தொட்டியின் அடியில் கிடந்த பசையைக் கிள்ளி எடுத்து முகர்ந்தாள். தன் ஒற்றை வசனத்தை விட்டு, முதல்தரமாக வேறொன்றைத் தமிழில் கேட்டாள்.

“இதுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?”

“ஒண்டும் போடேல்லை.”

“புட்டு மணக்குது அன்ரி.”

நான் கெஞ்சினேன். மகளின் கலியாணச் சால்வை, பிள்ளை. கசிந்த பக்கம் முதுகுக்குப் போய்விடும். அதற்கு மேலே மணி வைத்துத் தைத்தால் யாருக்கும் தெரியாது. கழுத்துப் பக்கமாக ஒரு மடிப்பு வைத்தாலும் சரி. எத்தனை வழி இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கேட்டு முடித்து, தன் ஒற்றை வசனத்தைச் சொல்லி, கத்தரிக்கோலை எடுத்தாள். பட்டு வெட்டுப்படுகிற சத்தம் சின்னச் சத்தம். நான் அவளைப் பார்த்து, நீ தாய் வயிற்றில் பிறந்தவளா என்று கேட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்க எனக்கு மனமில்லை.

வெட்டுப்பட்ட சால்வையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். லெ பிளாங்-மெனில் வரைக்கும் பேருந்தில் அழுதுகொண்டு வந்தேன். மகளிடம் விரித்துக் காட்டி, அந்தச் சனியன் செய்த வேலையைப் பார் என்றேன். மகள் வெட்டைப் பார்க்கவில்லை. கசிந்த பூக்களைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு, பிரெஞ்சில், மெதுவாக, இது தெரிகிறது அம்மா என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை நான் திரும்பப் போனேன். அன்பால் போகவில்லை, பாடம் படிக்கவும் போகவில்லை. இவள் வாயைத் திறக்க ஒரு இடம் வைக்கக்கூடாது என்ற கோபத்தில் போனேன். அவள் கதவைத் திறந்து, நான் வருவேன் என்று தெரிந்ததுபோல ஒதுங்கி வழிவிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தாளைப் புதிதாக வெட்டினேன், அவள் வெட்டச் சொல்லவில்லை, நானாகத்தான். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். கூசேன்வில் அக்கா நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்து இளைத்துப் போனா.

அந்த நாட்களில் ஒருமுறை அவளுடைய தாய் வந்தா. ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் தந்தா. ஒரு கண் வெள்ளையாக, பார்வை இல்லாமல் இருந்தது. கையில் ஆஸ்பத்திரித் தாள். மகளிடம் கொடுத்து, என்ன போட்டிருக்கு பார் என்றா. இவள் கையைத் துடைத்துவிட்டு எங்கள் முன்னாலேயே வாசித்தாள். வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அன்றுதான் அவளுக்குத் தமிழ் முழுசாகத் தெரியும் என்று கண்டேன். மற்றக் கண்ணிலும் தொடங்கிவிட்டது, மருந்துக்குக் கேட்காவிட்டால் அதுவும் போகலாம் என்று தாளில் எழுதியிருந்தது. அதை அப்படியே சொன்னாள். ‘பயப்படாதே அம்மா’ என்று ஒரு சொல்லை இடையில் சேர்க்கவில்லை. தாய் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சரி, அப்ப எப்ப வரச் சொல்லினம் என்றா. நான் கையில் இருந்த ரோல்ஸைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன்.

மெற்றோவுக்கு நடக்கும்போது அக்கா சொன்னா. அக்காவும் அந்தக் குடும்பமும் முன்பு ஒரே கட்டடத்தில் இருந்தவர்களாம். அந்தக் கட்டடத்துத் தமிழ்ச் சனம் எல்லோரையும் அரசாங்கக் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போய்ப் பிரெஞ்சு கதைத்தது அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த இவள்தானாம். நீ சமாளிச்சுச் சொல்லு பிள்ளை என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்புவார்களாம். தாயின் கண்ணுக்கு உடனே ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, தகப்பன் விறாந்தையில் வைத்து, அம்மா பயந்துபோவா, சின்ன விசயம் என்று சொல்லிவிடு, தங்கச்சி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு முடியட்டும் என்றாராம். பிள்ளை அப்படியே சொன்னதாம். சடங்கு நல்லாக நடந்ததாம்.

நான் கேட்டுக்கொண்டு நடந்தேன். பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை இங்கே அப்படி வளரவில்லை? எல்லாப் பிள்ளையும் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டா திரிகிறது? அதைத்தான் அக்காவிடம் சொன்னேன். ஓமோம், அதுவும் சரிதான் என்றா அக்கா.

இரண்டாவது சால்வையைக் கழுவிய அன்று மழை. நான் தொட்டிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். பசை கழன்று முடிந்ததும் நான் தூக்கவில்லை, அவள்தான் தூக்கட்டும் என்று நின்றேன். தூக்கினாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். யன்னலில் பிடித்து ஒவ்வொரு பூவாக, ஒவ்வொரு விதையாகப் பார்த்தாள். நானும் அவள் கண் போகிற இடமெல்லாம் என் கண்ணால் போனேன். ஒரு பிசகு இல்லை. கத்தரிக்கோல் பையிலேயே இருந்தது. சால்வையைக் காயவிட்டு, பின்னேரம் மடித்து, என் கையில் தந்தாள்.

“கொண்டு போங்கோ.”

நல்லது என்று சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த முற்றத்துக்குள் நான் போகவும் இல்லை.

மகள் சால்வையை விரித்துப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று, “வடிவா இருக்கு அம்மா” என்றாள், தமிழில். எனக்கு அது போதும். நகரசபைப் படியிலும் கோயிலிலும் மண்டபத்திலும் அவள் அதைக் கழற்றவே இல்லை. யாரை அழைப்பது என்று பேசியபோது, அந்த ரீச்சரையும் கூப்பிடுவோமா என்று மகள் கேட்டிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். என் பிள்ளையின் நல்ல நாளில் அந்த முகத்தை நான் பார்க்கத் தேவையில்லை என்றேன்.

மண்டபத்தில் சம்பந்தியம்மா மகளின் தோளைத் தடவிப் பார்த்தா.

“நல்ல சாமான். எந்தக் கடையிலை எடுத்தனீங்கள்?”

நான்தான் செய்தேன் என்றேன். அவ சிரித்தா. சின்னப் பிள்ளை பெரிய கதை சொன்னால் சிரிப்போமே, அப்படி. சால்வைத் தலைப்பைப் புரட்டி, அடிப்பக்கத்தைப் பார்த்து, தன் தமக்கையிடமும் காட்டினா.

“கையாலை செய்தால் எங்கையாவது ஒரு பிசகு இருக்குமெல்லோ. இது மெசின்.”

தாள் வெட்டியதைச் சொன்னேன். பாலம் சொன்னேன், பசை சொன்னேன். சொல்லச் சொல்ல அது கதை விடுகிறமாதிரியே போனது. மகள் வந்து, அம்மாதான் செய்தவா மாமி என்றாள். தாயை விட்டுக்குடுக்காத பிள்ளை என்று தமக்கைக்காரி அவளின் கன்னத்தைத் தட்டினா. கூசேன்வில் அக்கா ஓடிவந்து, மாதாவாணை நான் பக்கத்திலை இருந்து பாத்தனான், என்ன வடிவாச் செய்தவா தெரியுமே என்றா. ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான் அக்கா அதே சம்பந்தியம்மாவிடம், நெய் மணக்காத கேசரியை, ஐயோ என்ன வடிவு என்று சொல்லிவிட்டு வந்திருந்தா. யார் நம்புவது?

அது நான்தான் செய்தது என்று சாட்சி சொல்ல, இந்தப் பாரிஸ் நகரத்தில் ஒருத்தி இருந்தாள். யாருடைய முகத்துக்காகவும் ஒரு சொல் சொல்லாதவள். அவள் வந்து நின்று, ஓம், இவ செய்தவா என்று ஒரு தரம் சொல்லியிருந்தால், சம்பந்தியம்மாவின் வாய் அப்படியே மூடியிருக்கும். அவளைத்தான் நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அது சரியென்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் சாப்பாடு முடிந்து சனம் கலைகிறவரைக்கும், மண்டபக் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும், அவள்தானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.